பன்னிரண்டாம் வார்டில் நடக்காத குற்றங்கள்

எங்கள் காவல் நிலையத்தைவிட ஒரு நொண்டி நாய் அதிகக் குற்றங்களைத் தடுத்திருக்கிறது என்று மாநகராட்சி பட்ஜெட் கூட்டத்தில் திரை போட்டுக் காட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எங்கள் இன்ஸ்பெக்டர் ஜெபமணி ஐயா. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துக்க வீட்டில்தான் அவர் அப்படிச் செய்வார்.

என் பெயர் பூமிநாதன். சோலையாண்டிபுரம் பன்னிரண்டாம் வார்டு ஸ்டேஷனில் தலைமைக் காவலர். புகார் எழுதும் ரைட்டர் வேலையும் என்னுடையதுதான். ஊர் என்னை ஏட்டய்யா என்று கூப்பிடும். காணாமல் போன ஆடு முதல் கடத்தப்பட்ட பறக்கும் பார்சல் வண்டி வரை எழுதி எழுதி எனக்குக் கையெழுத்து அழகாகிவிட்டது. வாழ்க்கையில் வேறு லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை.

நகரப் போலீசை மாநகராட்சியின் தலையில் கட்டி வெகுகாலம் ஆகிறது. எங்கள் சம்பளம், தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, நூலகம் எல்லாமே இப்போது ஒரே உண்டியல். ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லா இலாகாக்காரர்களும் கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நிற்பவர்களைப் போல முட்டிமோதி நிற்போம். அதிலும் எங்களுக்கு ஒரு பழைய வித்தை உண்டு. குற்றம் கூடினால், "பார்த்தீர்களா, கூடிவிட்டது, பணம் கொடுங்கள்" என்போம். குறைந்தால், "பார்த்தீர்களா, நாங்கள்தான் குறைத்தோம், பணம் கொடுங்கள்" என்போம். பல காலம் சோறு போட்ட வித்தை. அதில் மண்ணை அள்ளிப் போட்டது தடுப்புமானி.

மானியைக் கட்டிய பொறியாளர் ஃபர்ஹானா என்கிற பெண். நல்ல பிள்ளை. யாரையும் கெடுக்க வேண்டும் என்று நினைப்பவள் இல்லை. உண்மையைச் சொல்வாள், அவ்வளவுதான். அதுவே போதுமே.

"விளங்குற மாதிரி சொல்லும்மா" என்றார் மேயரம்மா. "நடந்த திருட்டை எண்ணலாம். நடக்காத திருட்டை எப்படி எண்ணுவ?"

"மேடம், எல்லா விளக்குக் கம்பத்துலயும் கேமரா இருக்கு. அதை வச்சு நம்ம ஊரை அப்படியே மானிக்குள்ள இன்னொரு ஊரா கட்டியிருக்கோம். நேத்து நடந்த நாளை அதுக்குள்ள திரும்ப ஓட விடுவோம். ஆனா எதையாவது ஒண்ணை எடுத்துட்டு ஓட விடுவோம். டீக்கடை இல்லாம ஒரு தடவை. தெருவிளக்கு இல்லாம ஒரு தடவை. எதை எடுத்தா திருட்டு நடக்குதோ, அதுதான் இத்தனை நாளா திருட்டைத் தடுத்திருக்கு."

"போலீசை எடுத்துட்டு ஓட விட்டீங்களா?"

"விட்டோம் மேடம்."

"என்ன ஆச்சு?"

ஃபர்ஹானா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்களைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. "பெருசா ஒண்ணும் ஆகல மேடம்."

சபை சிரித்தது. குடிநீர் இலாகாக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஜெபமணி ஐயா எழுந்தார்.

"அம்மா, குற்றம் நடந்தப்புறம் பிடிக்கிறது யாரு? இந்த மானியா?"

"அது வேற தலைப்பு சார். இது 'தடுப்பு' தலைப்பு. பணம் பூராம் இந்தத் தலைப்புலதான் இருக்கு" என்றாள் ஃபர்ஹானா.

திரையில் பன்னிரண்டாம் வார்டின் தரவரிசை வந்தது. முதலிடம்: செல்லக்கனி, செக்கடித் தெரு, முதல் மாடி பால்கனி. இரண்டாமிடம்: குருசாமி டீக்கடை. மூன்றாமிடம்: கமிஷனர். நிஜமான கமிஷனர் மேடையில் இருந்தார். எழுந்து கும்பிட்டார், கைதட்டலும் வாங்கிவிட்டார். அதற்கப்புறம்தான் படம் வந்தது. செக்கடித் தெருவின் நொண்டி நாய்க்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவர்கள் நல்லாயிருக்கட்டும். அதன் பிறகு நூலகத் தாழ்வாரம், தண்ணீர் லாரி வரிசை (எத்தனை காலம் ஆனாலும் தண்ணீர் லாரி மட்டும் மாறவில்லை), தெருக்குழாய். குழாய்க்கும் கீழே நாங்கள். எங்கள் ஜீப்புக்குத் தனியாக மைனஸ் போட்டிருந்தார்கள். சைரன் சத்தம் கேட்டுத் திருடன் சாவகாசமாகக் கிளம்பிப் போய்விடுகிறானாம்.

தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது. தடுப்பு நிதி முதலிடத்துக்குப் போகும். அடுத்த மார்ச்சுக்குள் எங்கள் ஸ்டேஷன் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் பூட்டிவிட்டு, கட்டடத்தைப் பூப்பந்து மைதானம் ஆக்குவார்கள். எங்களைத் திசைக்கொருவராகத் தூக்கி அடிப்பார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். கடைசிக் காலத்தில் எந்த ஊருக்குப் போய் எந்த ஆட்டைத் தேடுவது?

செல்லக்கனியை எனக்குத் தெரியும். அவளைத் தெரியாதவர்கள் யார்? பால்கனியில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கால் மிஷினில் இருக்கும், கண் தெருவில் இருக்கும், வாய் இரண்டிலும் இருக்கும். தெருவில் புது ஆள் நுழைந்தால் போதும்.

"யாருப்பா நீ? யாரு வீட்டுக்கு? வசந்தி வீட்டுக்கா? அவ இல்லையே, ரேசன் கடைக்குப் போயிருக்கா. நீ அவளுக்கு என்ன வேணும்? பையில என்ன, முருங்கைக்காயா? என்ன வெல சொன்னான்? ஆத்தாடி, ஏமாத்திப்புட்டான்!"

இத்தனைக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் திருடனுக்குத் திருட வந்த ஞாபகமே போய்விடும். சீருடையில் நான் போனாலும் விடமாட்டாள். "ஏட்டய்யா, எங்க இங்கிட்டு? யாரைப் பிடிக்க? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?" நான் காது கேட்காதவன் போல நடையை எட்டிப் போடுவேன். அரசாங்க வேலையாக வந்தவன் பால்கனிக்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா?

அவளுக்குப் பதவி கொடுத்தார்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலர், இரண்டாம் நிலை. பச்சைக் கோட்டு. கழுத்தில் ஒரு பட்டை. அதில் பொட்டு அளவுக்குக் கண்ணாடிக் கண். பார்ப்பதையும் கேட்பதையும் அது மானிக்கு அனுப்பும். கூப்பிட்டு வைத்துப் பயிற்சி வேறு கொடுத்தார்கள். முருங்கைக்காய் விலை கேட்பது அலுவல் எல்லைக்குள் வராது என்றார்கள். இனிமேல், "வணக்கம். தங்கள் வருகையின் நோக்கம் என்ன?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை.

முதல் சம்பளத்தில் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். எங்கள் ஸ்டேஷனுக்கும் ஒரு டப்பா வந்தது. ஜெபமணி ஐயா அதைத் தொடவில்லை. கான்ஸ்டபிள் காசிமாயன் அவர் பங்கையும் சேர்த்துத் தின்றான்.

பிறகுதான் ஆரம்பித்தது. ஒருநாள் அவள் பழக்க தோஷத்தில் எதிர்வீட்டு வசந்தியின் கணவனிடம், "என்னண்ணே, மொட்டமாடியில புது ரூமு எழும்புது, வாடகைக்கா?" என்று கேட்டுவிட்டாள். பட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரமே சொத்துவரிக்காரர்கள் நாடாவோடு வந்து அறையை அளந்தார்கள். இன்னொரு நாள் குருசாமியிடம், "இந்தச் சின்னப் பயலையா கிளாஸ் கழுவ வச்சிருக்க?" என்றாள். அது குருசாமியின் சொந்தப் பேரன், லீவுக்கு வந்தவன். அதை நிரூபிக்க அந்த மனுஷன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

அதுவரை செல்லக்கனிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், அவ்வளவுதான். இப்போது செல்லக்கனிக்குத் தெரிந்தால் அரசாங்கத்துக்கே தெரியும். தெரு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. சனங்கள் பின்பக்கச் சந்து வழியாகப் போய்வர ஆரம்பித்தார்கள். ஜாக்கெட் துணிகள் வேறு கடைக்குப் போயின. குருசாமி கடை பெஞ்சில் ஆளில்லை. கமிஷனர் மட்டும் பால்கனிக்குக் கீழே படுத்திருந்தது. ஆளில்லாத தெரு என்று தெரிந்ததும் ஒரு சைக்கிள் போனது, ஒரு தண்ணீர் மோட்டார் போனது. எங்களுக்குப் புகார் வர ஆரம்பித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செல்லக்கனி ஸ்டேஷனுக்கு வந்தது அப்போதுதான். கையில் ஒரு தூக்குவாளி.

"என்ன தாயி, சோறா?" என்றான் காசிமாயன், ஆசையாக.

"உள்ள பட்டை இருக்கு. துணியில சுத்தி மூடி வச்சிருக்கேன், கேக்காம இருக்கணும்ல. ஏட்டய்யா, ஒரு புகார் எழுதுங்க."

நான் பேனாவை எடுத்தேன். "என்ன காணோம்?"

"என் தெருவு."

ஜெபமணி ஐயா நிமிர்ந்தார். "தெரு அங்கதானம்மா இருக்கு? நான் இப்பதான் அங்கிட்டு வழியா வந்தேன்."

"தெருவு இருக்கு சார். என்கிட்ட பேசுற தெருவைக் காணோம்." மூக்கைச் சிந்தினாள். "வசந்தி மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிஞ்சிருச்சு. எதுத்த வீடு சார். நான் பந்தக்காரன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மொதப் பாவாடை தச்சவ நான். மீன் கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் எனக்கு வராம வசந்தி வாயில வைக்க மாட்டா. இப்ப வாசனை மட்டுந்தான் வருது. ஜன்னலையும் சாத்திடுறா, அதுவும் வரமாட்டேங்குது."

எந்தப் பிரிவில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடினேன். அந்த அம்மாவால்தான் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது, இருந்தாலும் கோபம் வரவில்லை. ஐயா தனக்கு வந்த டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வேலையை விட்டுர வேண்டியதுதானம்மா?"

"கேட்டேன் சார். ஃபர்ஹானா பாப்பா சொல்லுது, மார்ச்சுக்கு முன்னால விட்டா இந்த வார்டுக்கு வந்த மொத்தப் பணமும் காலாவதியாம். தெருவிளக்கு, லைப்ரரி எல்லாம் அந்தப் பணத்துல இருக்காம். அப்புறம் அதுக்கும் என்னையத்தான் வைவாங்க. எனக்கு மார்க் குறைஞ்சா மட்டும் மார்ச்சுல தானா விடுவாங்களாம். சார், எனக்கு மார்க் குறையணும். ஒரு திருட்டு நடக்கணும், என் கண்ணு முன்னாலயே. நான் பேசாம இருக்கணும்."

ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு சுருதி இறங்கிய குரலில் என்னைக் கேட்டார்:

"ஏட்டு, அந்தத் திருடனைத் தெரு முனையில நம்ம ஆளு நின்னு மறிச்சா, அது யாரு கணக்குல சேரும்?"

"தடுத்தா நம்ம கணக்குங்கய்யா."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவளுக்கு மார்க் குறையும், எங்களுக்கு ஏறும். கல்லெறிய ஆள்தான் வேண்டும். ஐயாவும் நானும் செல்லக்கனியும் ஒரே நேரத்தில் காசிமாயனைப் பார்த்தோம். அவன் வாயில் பிஸ்கட் இருந்தது.

"ஐயா, நான் போலீஸ்ல சேர்ந்ததே எங்க அப்பாரு, 'நீ திருடனாத்தான் போவ'ன்னு சொன்னதாலங்கய்யா."

"அவரு வாக்கு பலிக்கட்டும்டா."

திருட வேண்டிய பொருளைச் செல்லக்கனியே சொன்னாள். வசந்தி வீட்டு வாசலில், நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பித்தளை அண்டா கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. பெரிய அண்டா. ஒரு ஆள் தூக்கினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

மறுநாள் காலை, குருசாமி கடை முனையில் நான் சீருடையில் நின்றேன். மீசையை முறுக்கி வைத்திருந்தேன். மறிக்கிறபோது கேமராவில் நன்றாகத் தெரிய வேண்டுமே. பால்கனியில் செல்லக்கனி பச்சைக் கோட்டும் பட்டையுமாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேச்சு வந்துவிடக் கூடாது என்று உதட்டில் ஒரு கொத்துக் குண்டூசியைக் கடித்திருந்தாள். தையல்காரர்களுக்கு அது பழக்கம்தான்.

காசிமாயன் கைலி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தான். கைலி கட்டிய போலீஸ்காரன் எப்படி இருப்பானோ அப்படியே இருந்தான். தினமும் அவன் கையால் பிஸ்கட் தின்கிற கமிஷனர், வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. "போ, போ" என்று அதைக் காலால் தள்ளிக்கொண்டே வசந்தி வீட்டு வாசலுக்குப் போனான். அண்டாவைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான். மூடி கீழே விழுந்து தெரு நீளத்துக்கும் உருண்டு, கணகணவென்று சத்தம் போட்டுவிட்டுத்தான் படுத்தது. செத்த பிணம்கூட எழுந்து யாரென்று கேட்கும்.

பால்கனி கேட்கவில்லை. காசிமாயன் அதற்கு நேர் கீழே நடந்தான். செல்லக்கனி பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. வாய் திறக்கவில்லை.

சாத்தியிருந்த ஜன்னல்களுக்குள்ளே தெரு மூச்சை அடக்கிக் காத்திருந்தது போலிருக்கிறது. இதோ கத்துவாள், இதோ கத்துவாள் என்று. பொழுதுக்கும் அந்தக் குரலுக்குப் பயந்து ஒளிந்து திரிந்தவர்கள், குரலைக் காணோம் என்றதும் பதறிவிட்டார்கள். முதலில் வசந்தியின் ஜன்னல் படாரென்று திறந்தது.

"செல்லக்கா! ஏய் செல்லக்கா! அண்டாவைத் தூக்கிட்டுப் போறான், நீ பாத்துக்கிட்டு இருக்க?"

செல்லக்கனி கையை மட்டும் ஆட்டினாள். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. குண்டூசி இருந்தால் இழுக்கத்தானே செய்யும்?

"ஐயோ, அக்காவுக்கு வாயி இழுத்துக்கிருச்சு! ஓடியாங்க, ஓடியாங்க!"

அப்புறம் எந்தக் கதவு எப்போது திறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. குருசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயை என் காலில் ஊற்றிவிட்டு ஓடினார். மாவு கையோடு ஒருத்தி, சோப்பு நுரைத் தலையோடு ஒருவர், சொத்துவரி கட்டிய வசந்தியின் கணவன். அத்தனை பேரும் அந்தக் குறுகலான மாடிப்படியில் நெருக்கினார்கள். அங்கே தெம்பான ஆள் ஒருவர்தான் கண்ணில் பட்டார்.

"ஏய் தம்பி! அண்டாவை அங்கிட்டு வையி. வந்து ஒரு கை பிடி, அக்காவைக் கீழ எறக்கணும்!"

காசிமாயன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் அண்டாவை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் செல்லக்கனியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முன்கால் இரண்டையும் காசிமாயன் தனியாகப் பிடித்திருந்தான். வசந்தி அவள் உள்ளங்கையைத் தேய்த்து அழுதுகொண்டே வந்தாள்.

வாசலில் இறக்கியதும் செல்லக்கனி குண்டூசியைத் துப்பினாள்.

"விடுங்கடி என்னைய! எனக்கு ஒண்ணும் இல்ல!" என்றாள். வசந்தியைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. "ஏன்டி, உன் மக நிச்சயத்துக்கு என்னைய ஏன்டி கூப்பிடல?"

"நீ கழுத்துல அதை மாட்டிக்கிட்டு வருவியேக்கா! நகை எவ்வளவு, சீரு எவ்வளவுன்னு அத்தனையும் அது கேட்டுக்கிட்டு இருக்குமேக்கா! நீ இல்லாம எனக்கு மட்டும் சோறு எறங்குச்சா?"

இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அழுதார்கள். காசிமாயன் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். அவனுக்கு யாரோ எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். திருடன் என்ற ஞாபகம் ஒருத்தருக்கும் இல்லை. செல்லக்கனி பட்டையைக் கழற்றினாள், சுற்றிலும் பார்த்தாள், கமிஷனரின் கழுத்தில் மாட்டிவிட்டாள். நான் முனையில் மீசையோடு நின்றேன், மறிப்பதற்கு ஆளில்லாமல். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அன்று முதல் தெரு திறந்தது. சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் நாற்காலி. செல்லக்கனி பச்சைக் கோட்டுடன் கையெழுத்துப் போட்டுவிட்டு, முருங்கைக்காய் விலை விசாரித்தாள். பட்டை மார்ச் வரை நாயின் கழுத்தில் இருந்து, ஊரிலுள்ள எல்லாக் குப்பைத்தொட்டிகளின் உள்நிலவரத்தையும் மானிக்கு ஒழுங்காக அனுப்பி வந்தது.

மார்ச் வந்தது. ஜெபமணி ஐயா மாற்றல் விண்ணப்பத்தை எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நானும் வீட்டில் பெட்டியைத் தட்டி வைக்கச் சொல்லிவிட்டேன். செல்லக்கனி பார்வையாளர் பகுதியில் வசந்தியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மார்க் குறையணும், ஆண்டவா என்று அவள் முணுமுணுத்தது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது.

திரை ஒளிர்ந்தது. பன்னிரண்டாம் வார்டு, முதலிடம்: கான்ஸ்டபிள் காசிமாயன்.

ஐயா என் கையைப் பிடித்தார்.

"இவரு என்ன தடுத்தாரு?" என்றார் மேயரம்மா.

"தடுக்கல மேடம். திருடினாரு" என்றாள் ஃபர்ஹானா. "அதாவது, திருட முயற்சி பண்ணினாரு. அண்டா."

"போலீஸ்காரரா? நல்லாத் தெரியுமா?"

"கைலி கட்டினா மானிக்கு மொகம் தெரியாமப் போயிருமா மேடம்? அவரை எடுத்துட்டு ஓட விட்டோம். அவரு அன்னைக்குத் திருட வரலேன்னா அந்தத் தெருவுல ஒரு ஜன்னலும் திறக்கல. முன்ன போன சைக்கிள், மோட்டாரோட நிக்காம செயினு, அப்புறம் ஒரு வீட்டுக்குள்ள புகுந்து ஒரு வயசானவருக்கு வெட்டு. எல்லாம் நடந்திருக்கும். அவரு வந்ததுனால ஒண்ணுமே நடக்கல. இந்த வருசம் ஊர்லயே அதிகமா குற்றம் தடுத்தவரு அவருதான்."

செல்லக்கனியின் குரல்தான் முதலில் கேட்டது.

"எனக்கு எத்தனாவது எடம், பாப்பா?"

"நாலாவதுங்கக்கா. கமிஷனருக்கு அடுத்து."

"நாயை விடக் கீழயா நான்?" என்று எழுந்தாள். வசந்தி சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பச்சைக் கோட்டை அங்கேயே கழற்றினாள்.

எங்களைச் சஸ்பெண்ட் பண்ணுவார்கள் என்று காத்திருந்தோம். ஆனால் எட்டாம் வார்டு கவுன்சிலர் எழுந்து மேசையைக் குத்தினார். "பன்னெண்டாம் வார்டுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? எங்க வார்டுக்கும் ஒரு திருடன் வேணும்!" உடனே இருபதாம் வார்டு எழுந்தது, நாற்பதாம் வார்டு எழுந்தது. இரண்டு திருடர்கள் கேட்டார் ஒருத்தர், அவர் வார்டு பெரிதாம். ஆளுங்கட்சி வார்டுகளுக்கு மட்டும் நல்ல திருடர்களை ஒதுக்குவதாகச் சொல்லி எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. மேயரம்மா பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். ஜீப்புக்கான எரிபொருள் பணம் நூலகத் தாழ்வாரத்துக்குப் போனது. ஸ்டேஷன் தப்பியது. பட்ஜெட்டில் புதிதாக ஒரு தலைப்பு ஏறியது: 'காவல், திருட்டு முயற்சி, பயணப்படி.'

இப்போது மாதம் ஒருமுறை ஒவ்வொரு வார்டிலும் நாங்கள் திருட வேண்டும். யார், எப்போது வருவோம் என்று சொல்லக் கூடாது. செக்கடித் தெருவில் அதை ஒரு விசேஷமாக்கிவிட்டார்கள். எவன் அண்டாவில் கை வைத்தாலும் நான்கு பக்கமிருந்தும் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த பிறகு இலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வார்டுக்குப் போகக் காசிமாயனுக்கும் ஐயாவுக்கும் இடையில் போட்டி.

போன மாதம் எனக்கு வந்தது மூன்றாம் வார்டு. தேன்பொழில் நகர். அகலத் தெரு, உயரச் சுவர், சுவருக்குச் சுவர் கேமரா. நல்ல மதியம். ஒரு வீட்டு முன்வாசலில் இருந்த கிரைண்டரைத் தூக்கினேன். கல் உருண்டு சத்தம் போட்டது. கேமராக்கள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தன. வேறு யாரும் பார்க்கவில்லை. தெரு முனை வரை நடந்தேன். யாரும் வரவில்லை. மரத்தடியில் கிரைண்டரை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். ஒரு கார் வந்தது. உள்ளே இருந்தவர் ஓரமாக நிற்கும்படி கையைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு வார்த்தை, யாரப்பா நீ என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வேறு வழியில்லாமல் நானே உள்ளங்கை சிராய்க்கக் கிரைண்டரைத் திரும்பத் தூக்கி வந்தேன். மணியை அழுத்தினேன். கதவிலிருந்த பெட்டி பேசியது. "பார்சலா? வாசலில் வைத்துவிட்டுச் செல்லவும். நன்றி."

வைத்துவிட்டு வந்தேன். ஃபர்ஹானாவுக்குப் போன் போட்டு, மூன்றாம் வார்டு எப்படி என்று கேட்டேன்.

"அருமையான வார்டுண்ணே. ஒரு புகார்கூட வந்ததில்ல" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு எத்தனை பேரு வந்தாங்க?" என்று கேட்டாள்.

போனை வைத்துவிட்டேன்.

திரும்பும்போது செக்கடித் தெரு வழியாக நடந்தேன். என் வீட்டுக்கு அது சுற்றுவழி. மிஷின் சத்தம் நின்றது.

"யாரு, பூமிண்ணனா? எங்க போயிட்டு வர்ற? கையில என்ன, காயமா? மொகம் ஏன் இப்பிடி வாடிக் கெடக்கு? சாப்பிட்டியா?"

நின்றேன். அவள் கேட்ட வரிசையிலேயே, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன்.